மாமியாரிடம் தேறிய கட்டங்கள்

மருத்துவமனைப் பணிப் பதிவேட்டில் அவளைப் பற்றி மூன்றே வாக்கியங்கள்: "அச்சுப்பிரிவு உதவியாளர். அமைதியானவர். சொன்னதைச் செய்வார்." முதல் வாக்கியம் உண்மை.

அவளுக்கும் மேலதிகாரி பளபளாவுக்கும் ஆறு வருடமாக ஏழாம் பொருத்தம். மின்னுவதெல்லாம் அழகு என்பது அவர் கட்சி. 'பளபளா' என்று பெயர் வைத்தவள் அவள்தான். அது அவருக்கும் தெரியும். இந்தமுறை சண்டை கியூஆர் கோடுகளில் வந்தது. கதவில் ஒட்டிய கோடுக்கு முன் நோயாளியின் உறவினர் போனைக் காட்டினால், அடுத்து எங்கே போகவேண்டும் என்ற வரைபடம் திறக்கவேண்டும். நாற்பது கதவுகள். பளபளா வெளிர்த் தங்க நிறத்தில், நடுவே பெரிய முத்திரை வைத்து, கண்ணாடிபோல் லேமினேஷன் போட்டு, சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தை 'வீண் இடம்' என்று வெட்டியெறிந்து நாற்பதையும் அடித்து ஒட்டிவிட்டார்.

"சார், கோடுக்குள்ள இருக்கற சின்னக் கட்டத்துல நாலு கட்ட அகலம் சுத்தி வெள்ளை விடணும். இல்லன்னா கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு போனுக்கே தெரியாது."

"என் போன்ல திறக்குதே. உனக்குத்தான் கண்ணை உறுத்துது."

"உங்க போன் போன வாரம் வாங்கினது. வர்ற ஜனங்க போனைப் பார்த்திருக்கீங்களா?"

"நாளைக்குப் பெரிய டாக்டர் வந்து பார்க்கறார். திறக்கலன்னா ஃபைல்ல இருக்கறது உன் கையெழுத்து. கீழ ரெக்கார்டு ரூம்ல போய்த் தூசி தட்ட வேண்டியதுதான்."

அவளிடம் விரிசல் விட்ட பழைய போன் ஒன்று உண்டு. பெயர் மாமியார். "இவங்க ஒத்துக்கிட்டா ஊரே ஒத்துக்கும்" என்பாள். தங்க நிற கியூஆர் கோடை நாலு பக்கமிருந்தும் அதற்குக் காட்டினாள். மாமியார் முகம் கொடுக்கவில்லை.

புதிதாக நாற்பது செய்தாள். வெள்ளையில் கறுப்பு, மினுங்காத தாள். கோடுக்குள் அடங்கிய இணைய முகவரியைச் சுருக்கியதும் கட்டங்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்தன. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பத்து சென்டிமீட்டர் அகலம் என்பது அவள் கணக்கு. திரையில் பார்த்து நம்பவில்லை. அடித்த தாளையே டியூப்லைட் அடியில் சாய்த்தும் கசக்கியும் மாமியாரிடம் காட்டினாள். இரண்டு தேறவில்லை, மறுபடி அடித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாற்பது கதவிலும் தங்கத்துக்குக் கீழே ஒட்டினாள். யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் முதல் கதவில் போனை நீட்டினார்.

"என்னய்யா இது, என் மூஞ்சிதான் தெரியுது!"

"வெளிச்சம் சரியில்ல சார்" என்றார் பளபளா.

"அப்ப கீழ இருக்கறது மட்டும் எப்படித் திறக்குது?"

"அது... மாத்து ஏற்பாடா நாங்க பண்ணது சார்."

"நாங்க இல்ல சார், நான். இவர் வேண்டாம்னாரு" என்றாள் பின்னால் நின்ற அவள்.

தங்கம் அன்றே உரிக்கப்பட்டது. மூன்றாம் நாள், 'அனுமதியின்றிக் கதவில் ஒட்டியதற்காக' அவளை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிய உத்தரவு வந்தது. திறக்காவிட்டால் அனுப்புவேன் என்றவர், திறந்ததற்கு அனுப்பினார்.

நாற்பது கதவுகளுக்கு, எந்தப் போனிலும் திறக்கும் கோடுகளைச் செய்தவள் அவள். ரெக்கார்டு ரூம் கதவுக்கு நாற்பத்தொன்றாவதையும் செய்து ஒட்டினாள்.