வேலணை வெளிநாடு அல்ல

காய்ச்சலோடு வரும் நோயாளியிடம், அண்மையில் எந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்று கேட்க வேண்டும். பதிலைக் குருதி மாதிரியோடு ஆய்வுகூடத்துக்கு அறிவிக்க வேண்டும். நோர்வேயில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் ஓய்வுபெறும்வரை வேலை செய்தவள் நான். புதிதாக வந்தவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவளும் நானே. போன மார்கழியில் என் கணவர் சிவபாலன் நடுங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது விதி பிசகவில்லை. இளம் வைத்தியர் ஒழுங்காகக் கேட்டார். இவரும் ஒழுங்காக, வெளிநாடு எதற்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் நான் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் சாவதென்றாலும் முதலில் வாகனத் தரிப்பிடம் கிடைக்க வேண்டும்.

கொடுத்த மருந்துக்குக் காய்ச்சல் அசையவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியது. "குருதியில் ஏதோ வளர்ந்திருக்கிறது. சாதாரண மண் பக்டீரியா என்று கருவி சொல்கிறது. மாதிரி எடுக்கும்போது தவறிச் சேர்ந்திருக்கலாம்" என்றார் வைத்தியர்.

மண் என்றதும் எனக்கு ஊர் வயல் நினைவுக்கு வந்தது. "கார்த்திகை மழைக்குள் இவர் இலங்கையில், வேலணையில் நின்றவர்" என்றேன். வைத்தியர் திகைத்து இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார்.

"வெளிநாடு இதெல்லோ. அங்கை நான் வீட்டையெல்லோ போனனான்."

"வயலுக்கை இறங்கினீங்களோ?"

"இறங்காமல்? களை மண்டிக் கிடந்தது. நீரும் ஒரு கதை கேக்கிறீர்."

"சீனி வருத்தத்தோடை, கால்லை கீறலோடை?"

"சின்னக் கீறலப்பா, அது."

நான் சந்தேகித்தது மெலியோய்டோசிஸ் என்ற நோயை. அதன் பக்டீரியா ஈரமண்ணில் பரம சாதுவாக வாழ்வது. நோயை உண்டாக்கும் மரபணுக்கள் அதனிடம் அப்போதும் இருக்கின்றன, ஆனால் மூடிக் கிடக்கின்றன. தேவையில்லாத ஆயுதத்தைச் செய்து சக்தியை வீணாக்க அது விரும்புவதில்லை. கீறல் வழியாக உடலுக்குள் போய், மனித உயிர்க்கலம் ஒன்றின் உள்ளே இருக்கிறோம் என்று உணர்ந்ததும் ஒழுங்குபடுத்தும் புரதங்கள் விழித்துக்கொள்ளும். மூடிக் கிடந்த மரபணுக்கள் வாசிக்கப்படும். ஊசி போன்ற கருவிகள் உருவாகும், பக்கத்துக் கலத்துக்குப் பாதை திறக்கும். புதிதாக எதுவும் வந்து சேர்வதில்லை. இடம் மாறியதும் எது வாசிக்கப்படுகிறது என்பதுதான் மாறுகிறது.

இது எனக்கு விளங்காத விஷயம் அல்ல. இப்படி ஒருவரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். இங்கே எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் இவர் வாய் திறந்து யாரும் கண்டதில்லை. சாதுவான மனிதர் என்று பக்கத்து வீட்டு நோர்வேக்காரி என்னிடம் இரங்கிச் சொல்வாள். அதே மனிதர் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்ததும், முன்னே இருப்பவரிடம், "அண்ணை, உந்த யன்னலைத் திறவுங்கோ, காத்தைக் காசுக்கோ விக்கிறியள்?" என்று தொடங்குவார். வேலணையில் இறங்கும்போது பஸ்ஸில் பாதிப்பேர் இவருக்குச் சொந்தக்காரராகியிருப்பார்கள். அதே தீவில், நாரந்தனையில் பிறந்த நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் இறங்குவேன்.

நோயாளியின் உறவினர் ஆய்வுகூடத்தோடு நேரே பேசக்கூடாது என்பதும் எனக்குத் தெரிந்த விதிதான். பேசினேன். "வளர்ப்புத் தட்டைத் திறந்த மேசையில் வைக்காதே, மூச்சு வழியாகவும் தொற்றும், பாதுகாப்புப் பெட்டிக்குள் வை" என்றேன். நான் பழக்கிய பெண், மறுபேச்சின்றி வைத்தாள். வைத்தியர் மருந்தை மெரோபெனெமுக்கு மாற்றினார். உறுதிப்படுத்த மாதிரி தலைநகர ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே இயேசு பிறந்த நத்தார் விடுமுறை. இந்த நாட்டில் அந்த நாள்களில் பக்டீரியா மட்டும்தான் வேலை செய்யும்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. இவர் வீட்டுக்கும் வந்தார். ஆனால் நான் சந்தேகித்தது சரியா என்று தெரியாமல் எனக்கு நித்திரை இல்லை. சரியென்றால் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும். விட்டால், உள்ளே ஒளிந்திருந்து அது மறுபடி எழும்பும். இவருடைய கவலை வேறு.

"இனி வயல் பக்கம் போகேலாது எண்டு சொல்லுவாங்களோ?"

"முதல் உயிர் தப்புவம்."

"அதுக்குத்தானே கேக்கிறன்."

கடைசியில் வைத்தியர் தொலைபேசியில் அழைத்தார். அதே பக்டீரியாதான், கொடுத்த மருந்து அதைக் கொல்லும். ஊருக்குப் போகலாம். வயலில் இறங்குவதென்றால் ஸ்தோவ்லெர் கட்டாயம் என்றார். முழங்கால்வரை வரும் இறப்பர் சப்பாத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"எங்கட வயலுக்கை சப்பாத்தோடையோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உயிரோடை நிண்டு கேளுங்கோ."

இவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"அப்ப மண்ணிறத்திலை வாங்கும். தூரத்திலை நிண்டு பாத்தால் சேத்துக்கால் எண்டு நினைப்பினம்."

தலைநகர ஆய்வுகூடத்தின் பதில் வந்தது தைப்பொங்கலன்று.