வம்சாவளியில் இடமில்லாத மனைவி

போன இரண்டு வாரமும் பத்திரிகையின் இந்த மூலையில் என்னைக் காணவில்லையே என்று நாலைந்து பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சுகக்கேடு ஒன்றும் இல்லை. கோபம்! கோபத்தோடு எழுதினால் ஆசிரியர் பாதியை வெட்டிவிடுவார். ஆறட்டும் என்று விட்டேன்... ஆறவில்லை. ஆனபடியால் சூட்டோடேயே தருகிறேன்.

விஷயம் இதுதான். ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு துரை வந்தார். பெயர் மக்ரே. அங்கே பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தங்கை மகனைப் பார்க்க வந்த சாக்கில், தன் முன்னோர்களில் ஒருவரையும் தேடிப் பிடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த முன்னோர் ஜேம்ஸ் மக்ரே — நூறு வருஷத்துக்கு முன் கற்பிட்டிப் பக்கத்தில் தென்னந்தோட்டம் வைத்திருந்து, இங்கேயே செத்துப்போனவர். நம் துரையின் பூட்டனுக்கு அண்ணன்.

நான் முந்தி கோட்டிலே நீதிபதிமாருக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கடதாசிகளை வாசிக்கக்கூடிய ஆள் என்று யாரோ சொல்லிவிட, துரை என்னைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. கற்பிட்டி றெஸ்ட் ஹவுஸ் மேசையில் தன் வம்சாவளிக் கடதாசியை விரித்தார். மேசை போதவில்லை! இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு மிச்சத்தைத் தாங்க வேண்டியிருந்தது. எட்டுத் தலைமுறை. எல்லாம் அவர் ஊர்க் கோயிலின் கலியாண, ஞானஸ்நானப் புத்தகங்களிலிருந்தும் காணி உறுதிப் பத்திரங்களிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்தது.

"இந்த மார்கரெட்டைப் பாருங்கள்" என்று ஒரு பெயரில் விரலை வைத்தார். "கலியாணத்துக்கு முன்னமே பிள்ளை பெற்றுவிட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, சபை முழுக்கப் பார்க்க, முக்காலியில் ஏற்றி வைத்துக் கண்டித்தார்களாம். கோயில் புத்தகத்தில் எழுதியிருக்கிறது!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "குடும்பச் சரித்திரம் என்றால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், மிஸ்டர்" என்றார். என்ன நேர்மை! என்ன பெருந்தன்மை! நான் மனதுக்குள் கை தட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.

துரை வீட்டார் புரட்டஸ்தாந்தர், அதனால் முதலில் கற்பிட்டி ஒல்லாந்தர் கோயிலில் தேடினோம். ஜேம்ஸ் இல்லை. பிறகு கோட்டுக்குப் போனோம். ரெக்கோட் றூமில் இருக்கும் ஹமீது நாநா எனக்குப் பழைய சிநேகிதர். ஒரு நாள் முழுக்கத் தூசு தின்று ஜேம்ஸின் சொத்து வழக்குக் கடதாசிக் கட்டை எடுத்துத் தந்தார்.

"இந்தா இரிக்கி. மவுத்தான தொரை கலியாணம் முடிக்கல்ல, புள்ளகுட்டியும் இல்ல எண்டு சத்தியக் கடதாசி குடுத்திரிக்காங்க" என்றார்.

செத்தவருக்குக் கலியாணமே இல்லை என்று சத்தியம் கொடுத்தது யார்? ஜேம்ஸின் தம்பி ரொபேர்ட். அதாவது நம் துரையின் சொந்தப் பூட்டன். அண்ணன் செத்த செய்தி கேட்டுக் கப்பலேறி வந்து, சத்தியம் பண்ணி, தோட்டத்தைத் தன் பேருக்கு எடுத்து, விற்றுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். அந்தக் கட்டிலே ஜேம்ஸ் விட்டுப்போன பொருள்கள் எல்லாம் எழுதியிருந்தன. தூரதிருஷ்டிக் கண்ணாடி, சாய்மனைக் கதிரை, குதிரை... குதிரைக்குப் பெயர்கூட எழுதியிருந்தது, வாசகர்களே!

மறுநாள் காலை றெஸ்ட் ஹவுஸ் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். கண்டக்குழியிலிருந்து நடந்து வந்திருந்தார். பெயர் மதலேனம்மா. ஐம்பது வயதிருக்கும், புருஷன் கடலோடு போய்விட்டார், கருவாடு போட்டுச் சீவிக்கிறார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். துரை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். மதலேனம்மா அதில் இருக்கவில்லை, நின்றபடியே பேசினார்.

"ஐயா, இவர் ஜேம்சு துரையின்ர ஆளெண்டு கேள்விப்பட்டன். ஜேம்சு துரை எங்கட பூட்டியைக் கோயில்ல கைப்பிடிச்சவர். எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரியும். ஆனா ஊர் நம்புறேல்லை" என்றார்.

ஊர் என்ன சொல்கிறது? கரையில் வலைக்குச் சண்டை வந்தாலும், தண்ணீர் அள்ளுகிற இடத்தில் வாய்த்தர்க்கம் வந்தாலும், கடைசியில் ஒரே சொல்தான்: 'துரையின்ர வைப்புப் பரம்பரை'. நாலு தலைமுறையாக இந்த ஏச்சு. இப்போது அது மகளின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. மகள் பிலோமினாவுக்குச் சிலாபத்தில் மாப்பிள்ளை பேசி, எல்லாம் சரிவந்த நேரத்தில், யாரோ போய் இதை ஊதிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய், வைப்புக் குடும்பத்தில் பெண் எடுக்க ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"காணியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் ஐயா. கலியாணம் முடிச்சது உண்மையெண்டு துரை ஒரு வாய்ச்சொல் சொன்னாக் காணும்."

நான் இங்கிலீஷில் சொன்னேன். துரை மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "ஆதாரம் வேண்டுமே? கோட்டுக் கடதாசியில் கலியாணம் இல்லையே?"

கண்டக்குழிக் கோயில் புத்தகத்திலும் இல்லை. பங்குச் சுவாமி முன்னமே தேடிப் பார்த்துவிட்டாராம். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "புத்தகத்தில் இல்லையென்றால் நாங்கள் என்ன செய்யிறது அம்மா?" என்று கேட்டேன். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த நான் அப்படிக் கேட்கலாமா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கலியாணம் கண்டக்குழியில முடிச்சது எண்டு ஆர் ஐயா சொன்னது?" என்றார் மதலேனம்மா. "அந்த நாளையில எங்கட ஆக்கள் எல்லாரும் தலவிலப் பெருநாளுக்குத்தானே கலியாணம் முடிக்கிறது?"

அதுதானே! அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுவதற்கும் ஒரு சுவாமி. அவர் எப்போது எந்த ஊருக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது. புனித அன்னம்மாள் பெருநாளுக்கு மட்டும் தலவிலையில் கட்டாயம் இருப்பார். சனங்கள் ஓலைக் கொட்டில் போட்டு அங்கே தங்குகிறபோதே கலியாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். பெருநாளுக்கென்று தனிப் புத்தகம். இதெல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதி. தெரிந்தும், கோட்டுக் கட்டைக் கண்டதும் மறந்துபோனேன்.

மூன்று பேரும் தலவிலைக்குப் போனோம். கண்டக்குழிக்குப் பூசை வைப்பதும் அங்குள்ள சுவாமிதான். இந்தக் கரைக்குப் புதியவர், பெருநாள் கலியாணக் கதை அவருக்கும் புதிது. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து செல்லரித்த ஒரு புத்தகத்தை எடுத்து, லத்தீனில் இருந்ததை மெல்ல மெல்லத் தமிழில் சொன்னார்.

"ஸ்கொட்லாந்து தேசத்தவனும் கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்தவனுமாகிய ஜேம்ஸ் மக்ரே... கண்டக்குழி சந்தியாப்பிள்ளையின் மகள் அன்னாள்... ஓலைகள் வாசித்துத் தடையொன்றும் இல்லாதபடியால்... மெய்விவாகம்."

ஓலை என்றால், தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று கலியாணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கிற அறிவிப்பு. கீழே ஜேம்ஸின் கையெழுத்து. துரை தன் பையிலிருந்து ஜேம்ஸ் வீட்டுக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே கை, அதே சுழி. மதலேனம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

துரை என்ன செய்தார் தெரியுமா? வம்சாவளிக் கடதாசியை விரித்தார். பேனாவைத் திறந்தார். ஜேம்ஸின் பெயருக்குக் கீழே அழகான எழுத்தில் எழுதினார் — 'விவாகமாகாதவர்'.

"புத்தகத்தைக் கண்டீர்கள்தானே?" என்று கேட்டேன்.

"கோட்டுக் கடதாசிதான் சட்டப்படி செல்லும்" என்றார்.

"உங்கள் மார்கரெட்?"

"அது வேறு" என்றார். "அவள் எங்கள் ஊர்க்காரி."

கேட்டீர்களா? கலியாணம் இல்லாமல் பிள்ளை பெற்றவள் எட்டுத் தலைமுறைக்கும் எடுத்துக் காட்டுகிற வேடிக்கை. சுவாமிக்கு முன்னால் கை பிடித்தவளுக்கு வம்சாவளியில் ஒரு கோடு இல்லை! கறுத்த பெண் என்பது கசந்ததா, கத்தோலிக்கத்தி என்பது கசந்ததா, பூட்டன் பொய்ச் சத்தியம் செய்தவன் என்பது கசந்ததா... எனக்கு இன்னும் விளங்கவில்லை. மூன்றும் சேர்ந்துதான் கசந்திருக்கும். எங்கள் பெண்களுடைய பெயரெல்லாம் வோட்டு லிஸ்டில் ஏறிவிட்ட காலம் இது. செத்த பெண்ணுக்கு ஒரு கடதாசியில் இடம் கொடுக்க இந்த மனிதருக்குக் கை வரவில்லை.

"துரை என்ன எழுதுறார் ஐயா?" என்று மதலேனம்மா கேட்டார்.

இருபது வருஷம் கோட்டில் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தவன் நான். தூக்குத் தீர்ப்பைக்கூடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல்லை விழுங்கிவிடலாமா என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னேன், மறைத்தால் அதுவும் ஒரு பொய்ச் சத்தியம்தானே.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துரையின் பக்கம் திரும்பவே இல்லை.

"சுவாமி, எனக்கு ஒரு கொப்பி தாங்கோ."

சுவாமி அந்த விவாகப் பதிவைப் பார்த்தெழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அதோடு முடிந்ததா? சிலாபத்து மாப்பிள்ளையின் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடதாசி ஆரும் எழுதலாம்" என்றாராம். மதலேனம்மா மறுபடி சுவாமியிடம் போனார். அந்த எழுத்தைக் கோயிலில் எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும் என்றார்.

"செத்தவைக்கு ஓலை வாசிக்கிற வழக்கம் இல்லையே, அம்மா" என்று சுவாமி தயங்கினார்.

"ஓலை வேண்டாம் சுவாமி. புத்தகத்தில உள்ளதை மட்டும் வாசியுங்கோ. எங்களை ஏசினது ஊர் முழுக்கக் கேட்டது. இதையும் ஊர் முழுக்கக் கேக்கட்டும்."

போன ஞாயிறு கண்டக்குழிக் கோயிலில் நானும் இருந்தேன். பூசை முடிந்ததும் சுவாமி தலவிலைப் புத்தகத்தைக் கையில் எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சந்தியாப்பிள்ளையின் மகள் அன்னாள் என்று வந்த இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழும்பி அடங்கியது. சிலாபத்து அம்மாவும் வந்திருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. சனம் கலைந்தபின் மதலேனம்மாவின் கையைப் பிடித்து, வருகிற ஞாயிறே பிலோமினாவின் முதல் ஓலையை வாசிக்கச் சொல்லலாம் என்றார்.

அதற்கு முன் ஒன்று நடந்தது. புத்தகத்தை மூடிய சுவாமி, வாய்ப் பழக்கத்திலோ வேண்டுமென்றோ, "இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடவீர்கள்" என்று சொல்லி நிறுத்தினார். ஒருவரும் எழும்பவில்லை.

எழும்பக்கூடிய ஒரே ஆள் அன்றைக்கு ஸ்கொட்லாந்துக்குத் திரும்பும் கப்பலில் இருந்தார்.