என் வரைபடத்தில் இல்லாத சுவர்

பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்குத் தூண், உத்திரம், கம்பி எல்லாவற்றுக்கும் நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஆறு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் அதன் உரிமையாளர் போன் செய்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

“ஏனுங்க அம்மிணி, நல்லா இருக்கீங்களா? மேல குடோன் தரையில நூலாட்டம் ஒரு வெடிப்பு தெரியுதுங்க. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போனீங்கன்னா தேவலைங்க.”

திருச்செங்கோட்டில் என் அலுவலகம். கிளம்பி, டீ குடித்து, சாவகாசமாகத்தான் போனேன். இந்த மாதிரி வெடிப்புகள் பெரும்பாலும் பூச்சில்தான் இருக்கும்.

கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே காலை வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. தூண்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நடு வரிசையில் ஒன்று இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் சதுரமாகப் புது சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்தச் சதுரத்தின் மேல் நின்றுகொண்டு அண்ணாவின் மனைவி அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“அண்ணா, இங்க இருந்த தூண் எங்கே?” தறிச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

“அதுங்களா? புதுசா அகலத் தறி ஒன்னு வருதுங்க. குறுக்கால நின்னுச்சு. போன வாரம் மெசின் வெச்சு அறுத்து எடுத்துப்போட்டோம். பாருங்க, ஒன்னுமே ஆவலை.”

நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. “எல்லாரும் வெளிய போங்க, இப்பவே” என்று எல்லாரையும் முற்றத்துக்குத் துரத்தினேன்.

வெளிப்படி வழியாக மாடி ஏறிப் பார்த்தேன். தகரக்கூரை போட்ட குடோன், தரை முழுக்க நூல் மூட்டைகள். தூண் போன உத்திரத்துக்கு நேர் மேலே, அதன் முழு நீளத்துக்கும், நான் வரையாத ஒரு செங்கல் சுவர் நின்றது. நூலுக்குத் தனி அறை வேண்டுமென்று பின்னால் கட்டினார்களாம். இந்த எடை வேறா என்று பதறிப்போனேன்.

“மூட்டையெல்லாம் எறக்குங்க. சுவரையும் இடிச்சு எடுத்துருங்க. கீழ மட்டும் யாரும் போகக் கூடாது” என்றேன். சென்ட்ரிங் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். உத்திரத்துக்கு அண்டை கொடுக்க இரும்பு முட்டுகளோடு மத்தியானம் வருவதாகச் சொன்னார். எத்தனை முட்டு, எங்கெங்கே என்று கணக்குப் பார்க்க அலுவலகத்துக்கு ஓடினேன்.

கட்டடத்தைக் கணினியில் ஏற்றும்போது நாங்கள் அதை வெறும் எலும்புக்கூடாக்கி விடுவோம். தூண் ஒரு செங்குத்துக் கோடு, உத்திரம் ஒரு படுக்கைக் கோடு, இரண்டும் சேரும் இடம் ஒரு புள்ளி. தளத்தின் பாரம் உத்திரத்துக்கு வரும், உத்திரத்திலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து மண்ணுக்கு. சுவருக்கு அங்கே உருவம் கிடையாது. உத்திரத்தை அழுத்தும் அம்புக்குறிகளாக, எடையாக மட்டும்தான் அது இருக்கும்.

பழைய கோப்பைத் திறந்து அந்தத் தூணை அழித்தேன். பதினைந்தடி உத்திரங்கள் இரண்டும் ஒரே முப்பதடியாகிவிட்டன. தூண் இருக்கும்வரை அதன் தலைக்கு மேலே உத்திரத்தின் மேல்பக்கம்தான் இழுபடும். அதனால் கம்பிகளை அங்கே மேலே நிறையவும் அடியில் பேருக்கும் போட்டிருந்தேன். தூண் போனதும் அடிப்பக்கம் இழுபட ஆரம்பித்துவிட்டது. திரையில் உத்திரம் முழுக்கச் சிவப்பு. மூட்டைகளின் எடையை எடுத்தேன், சிவப்பு. சுவரின் எடையையும் எடுத்தேன். அப்போதும் சிவப்பு. தளத்தின் எடையைக்கூட அதனால் தாங்க முடியாது என்றது கணக்கு.

அப்படியானால் ஒரு வாரமாக அதை எது தாங்குகிறது?

திரையை விட்டுவிட்டு, மாடியில் பார்த்ததை நினைத்துப் பார்த்தேன். அந்தச் சுவர்தான். வாசலோ ஜன்னலோ வைக்காத முழுச் சுவர். அதன் இரு முனைகளும் மிச்சமிருந்த தூண்களுக்கு நேர் மேலே இருந்தன. செங்கற்கள் ஒன்றோடொன்று அழுந்தி, உள்ளுக்குள் ஒரு வளைவு போலாகி, பாரத்தை இரண்டு பக்கத்துக்கும் தள்ளிக்கொண்டிருந்தன. நான் எடை என்று எழுதியதுதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் இடிக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மூன்று தடவை போன் அடித்தேன், அண்ணா எடுக்கவில்லை. வண்டியை எடுத்தேன். வழியில் ஒரு போர்வெல் லாரி முன்னால் போய்க்கொண்டே இருந்தது மட்டும்தான் ஞாபகம்.

தெருமுனையிலேயே சம்மட்டிச் சத்தம் கேட்டது. வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார், கையில் செங்கல்.

“ஏனுங்க அம்மிணி, நீங்கதானுங்களே இடிக்கச் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன் அண்ணா. சம்மட்டிய அங்கயே வெச்சுட்டு ஒவ்வொருத்தரா மெதுவா எறங்குங்க.”

மேலிருந்து மூன்று வரிசைக் கல்லை எடுத்திருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் முட்டுகள் வந்தன. ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்க எனக்கு மனசு வரவில்லை. அவர்களோடு நானும் உத்திரத்துக்கு அடியில் நின்றேன். மேஸ்திரி முட்டின் திருகை முறுக்கியபோது மேலே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவர் உத்திரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த முட்டுக்கு நகர்ந்தார். வரிசை முழுக்க நின்று முடிந்ததும் உத்திரத்தின் அடியைப் பார்த்தேன். அங்கிருந்த வெடிப்புக்குள் என் சுண்டு விரல் நுனி போனது.

அண்ணா முற்றத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கொடுத்த டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

“நான் போன் பண்ணாம கெடந்திருந்தா, அந்த உத்திரத்துக்கடியில இவ...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “தப்பாச் சொல்லிட்டேன்னு அத்தனை பேரு முன்னால சொன்னீங்களே கண்ணு. இவரு வாயில அது ஒரு நாளும் வந்ததில்லைங்க” என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

புதுத் தூண் எழுப்பி, அது நன்றாக இறுகிய பிறகு முட்டுகளைக் கழற்றினோம். அகலத் தறியை அண்ணா வேறு பட்டறைக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஒவ்வொரு முட்டும் எடுக்கப்படும்போது நான் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா உள்ளே வரவில்லை. தெருவைப் பார்த்தபடி, கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“முடிஞ்சுதுங்களா?” என்றார், திரும்பாமலே.

“முடிஞ்சுதுங்க அண்ணா.”

அதற்குப் பிறகும், தானே அறுத்தெடுத்த இடத்தைப் பார்க்க மனம் வராதவர்போல், கொஞ்ச நேரம் அவர் திரும்பவில்லை.