தெலுங்கில் சொன்னது

ஆந்திராவில் இருக்கும் எங்கள் ஊர் நகரிக்குக் கம்பெனி பஸ் வரும் நேரத்தில்தான் என் வயிறு கலக்கத் தொடங்கும். ரேணிகுண்டா தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருமுறை அவசரம் தாங்காமல் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பட்டப்பெயர். அதை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்கே தெரிந்திருக்கும்.

காலையில் சாப்பிடுவதை விட்டேன். பிறகு மதியமும். பசி போயிற்று, கிரிக்கெட் பார்க்கும் ஆசை போயிற்று, கடைசியில் வருத்தமும் போயிற்று. அழுகை வந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தேன். அதுவும் வரவில்லை.

யாரோ எனக்குச் சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று அம்மா முடிவு கட்டினாள். புத்தலப்பட்டுப் பக்கம் ஒருவரிடம் மருந்து எடுக்க (பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது) கூட்டிப்போனாள். வாந்தியில் கருப்பாக எதையோ காட்டினார்கள். மருந்து வைத்து மயக்கும் அளவுக்கு எந்தப் பெண்ணும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனதும் நைனா (அப்பா) என்னைத் திருப்பதிக்கு அழைத்துப்போனார். ரத்தம் எடுத்தார்கள். எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார்கள். எல்லாம் நார்மல். நைனாவுக்கு மகிழ்ச்சி. எனக்குப் பயம். நோயே இல்லை என்றால் எனக்கு என்னதான் ஆயிற்று?

டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். எதிலாவது ஆசை இருக்கிறதா என்றார். எல்லாம் தெலுங்கில். நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளி, ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் தெலுங்கு. அதில் பேசும்போது வேறு யாரைப் பற்றியோ விவரம் கொடுப்பதுபோல் இருந்தது. உயிரோடு இருக்கவேண்டும் என்றே தோன்றவில்லை என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நைனா இருந்தார். விசைத்தறிக்கு நூல் விற்கும் வியாபாரிகளோடு பேசிப் பேசி அவருக்கு என்னைவிட நல்ல தெலுங்கு வரும். அது அப்போது எனக்கு நினைவில்லை.

ஐபிஎஸ் (IBS, குடலில் புண் இல்லாமலே அதன் இயக்கம் கெடுவது) என்றார் டாக்டர். கூடவே டிப்ரஷனும் (மனச்சோர்வு நோய்) இருக்கிறது, ஒன்று மற்றதைக் கிளப்பிவிடும், இரண்டுக்கும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று மனநல டாக்டரிடம் அனுப்பினார்.

வெளியே வராந்தாவில் நைனா என்னை உட்காரச் சொன்னார்.

"உள்ள தெலுங்குல ஒண்ணு சொன்னியே, அத என்னாண்ட நம்ம பாஷைல ஒரு தபா சொல்லு."

"இருக்கணும்னே தோணல நைனா."

"எத்தினி நாளா இத்த வச்சிக்கினு இருந்த?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த மாதங்களில் எனக்குக் கிழமையே இருந்ததில்லை.

வேலையை விட்டுவிட்டேன். மாத்திரை போகிறது, கவுன்சலிங்கும் போகிறது. வயிறு இன்னும் கலக்குகிறது. ரிப்போர்ட் நார்மல் என்று கேட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். எந்த மொழியில் வருகிறதோ அதில் சொல்லுங்கள்.

இப்போது நைனா தினமும் காலையில் இரண்டு கேள்வி கேட்கிறார். வயிறு எப்படி? பிறகு, கொஞ்சம் தயங்கி, அது எப்படி? பெரும்பாலும் ஒன்றாவது பரவாயில்லை என்றிருக்கும். சில நாள் இரண்டும் தெரியவில்லை என்பேன். அன்றைக்கு அவர் விசைத்தறியை ஓட்டுவதில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.