கொசுறாகக் கிடைத்த தண்ணீர்

காலை ஏழு மணி, பாளையங்கோட்டை. வெளியூர் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் சுற்ற வேண்டும் என்றால் முந்தின நாளே மனசுக்குள் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, டயர் வெடிக்குமா, விமானம் தவறிவிடுமா என்று எல்லாக் கவலையும் பட்டு முடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். கவலைப்பட மட்டும் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. ஆனால் அந்த ஐப்பசிக் காலையில், உண்மையில் கவலைப்பட வேண்டிய ஒன்று என் நினைப்பிலேயே இல்லை.

விருந்தாளியின் பெயர் டெரெசியா. பசிபிக் கடலில் கிரிபாட்டி என்று எழுதி கிரிபஸ் என்று சொல்லும் ஒரு நாடு, உலகப் படத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். அங்கே குடிதண்ணீர் வேலை பார்க்கும் பொறியாளர் அவர். அவருடைய நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, வெயிலில் ஓடும் சோலார் பம்புகளைப் பேட்டையில் ஒரு பட்டறை செய்து முடித்திருந்தது. அவர் பார்த்துச் சரி என்று சொன்னால் மறுநாள் காலை தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிவிடுவார்கள். பட்டறைக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வேண்டியவர். ஆங்கிலத்துக்கு நான் துணை.

வண்ணார்பேட்டை நெரிசலில் கார் நின்றபோது டெரெசியா செல்போனைக் காட்டினார். ஒரு மழைநீர்த் தொட்டியின் படம். ஊரில் இருக்கும் அவர் மகள் தினமும் தொட்டியைத் தட்டிப் பார்த்து, சத்தம் மாறுகிற இடத்தில் கரியால் கோடு போட்டு அனுப்புகிறாளாம். கோடு முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"கிணறு இல்லையா?" என்று கேட்டேன்.

"இரண்டு இருந்தன. இப்போது ஒன்று. அதற்காகத்தான் வந்திருக்கிறேன்" என்றார்.

எட்டரை மணி, பேட்டை. பட்டறை வாசலில் கோலம் போட்டு, பம்புகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒன்றைத் தொட்டியில் இறக்கி வெயிலில் பலகையைத் திருப்பினார்கள். குபுகுபுவென்று தண்ணீர் பாய்ந்து வாய்க்கால் வரை ஓடியது. வேலையாட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். டெரெசியாவின் முகம் அப்படியே வாடிவிட்டது.

"நாங்கள் கேட்ட மோட்டார் இது இல்லையே" என்றார் மெதுவாக.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணாச்சிக்குப் பூரிப்பு. "அதான் டீச்சர் விசயமே! அவங்க கேட்டது அரை எச்.பி. அதுல என்ன தண்ணி வரும், பூனை மோண்ட மாதிரி? தவிச்ச வாய்க்குத் தண்ணி கேக்காவ. கணக்குப் பாக்க முடியுமா? ஒண்ணரை போட்டிருக்கேன். கூடுதல் காசு ஒண்ணும் வேண்டாம், நம்ம ஊரு கொசுறுன்னு சொல்லுங்க."

அல்வா வாங்கினால் ஒரு பிடி மிக்சரைச் சேர்த்துக் கையில் திணிக்கிற ஊர் இது. கேட்டதற்கு மேல் கொடுக்காமல் அனுப்பினால் எங்களுக்குத் தூக்கம் வராது. அந்த நல்ல மனதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டெரெசியா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய ஆடையாக மிதக்கும். பாலை ஆடை கலையாமல் எடுப்பதுபோல் பைய எடுக்க வேண்டும். வேகமாக உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேலே வந்துவிடும். முதல் கிணறு அப்படித்தான் போனது. வேறொரு நாடு ஆசையாகக் கொடுத்த பெரிய பம்பு. அதை வாங்கி வைத்தவரும் டெரெசியாதான். இப்போது மிச்சமிருக்கும் ஒற்றைக் கிணற்றுக்காக, ஊர் கூடும் மண்டபத்தில் எழுந்து நின்று, இந்தத் தடவை தப்பாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அண்ணாச்சிக்கு இது ஏறவே இல்லை. "கேணில தண்ணி கெடந்தா மோட்டார் இழுக்கும். இழுத்தா ஊறும். தண்ணி கூட வந்தா யாருக்கு வலிக்கும் டீச்சர்?" ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? எனக்குமே அரைகுறையாகத்தான் புரிந்தது.

டெரெசியா கேட்டார்: "உங்கள் ஆறு கடலில் சேரும் இடத்தில், எங்கள் தீவில் இருப்பதுபோல் மணல் ஊற்று இருக்குமா? விமானத்துக்கு முன்னால் அங்கே போக முடியுமா?"

"தாராளமா" என்றார் அண்ணாச்சி. "போட்டே காட்டிருவோம்" என்று ஒரு பம்பையும் பலகையையும் தன் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, தானே ஓட்ட உட்கார்ந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு வாகைகுளத்தில் விமானம். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான், கடைசி வரை நிறுத்தவில்லை.

பதினொன்றே கால், ஆழ்வார்திருநகரி. பேட்டையிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். வழியெல்லாம் வலது பக்கமும் இடது பக்கமும் வாழை, நெல் நாற்று, நிறைந்த வாய்க்கால். ஆறு கரை புரண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்குக் கண் குளிரும். எனக்கோ பக்கத்தில் இருப்பவரின் கையில் தொட்டிப் படம் இருக்கிறதே என்று மனசு உறுத்தியது. தேர் முக்கில் டீ குடித்தோம், டீ பன்னிரண்டு ரூபாய். டெரெசியா கண்ணை மூடி ஜெபித்துவிட்டுக் குடித்தார். கடைக்காரர் தம்ளரைக் கழுவக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு யாரிடமோ பேசப் போய்விட்டார். அவர் திரும்பும் வரை பொறுக்க முடியாமல் நானே எழுந்து போய் மூடினேன்.

பகல் ஒரு மணி, புன்னைக்காயல். குரும்பூர், ஆத்தூர் தாண்டி உப்பங்கழி ஓரமாகக் கார் போனது. ஆறு அகலமாகி, சோம்பி, எது ஆறு எது கடல் என்று தெரியாமல் கிடந்தது. ஊருக்கு வெளியே மணல்மேட்டில் ஒரு பெண் ஊற்று தோண்டியிருந்த குழிக்குள் குந்தி, சிரட்டையால் தண்ணீரை அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன், ரோஸ்மேரி என்றார்.

அண்ணாச்சி பம்பை இறக்கிவிட்டார். "ஏம்மா, ஒரு அஞ்சு நிமிசம் இதை உன் ஊத்துல போட்டுப் பாக்கட்டா? சிரட்டையால அள்ளுத பாடு இருக்காது."

அந்தப் பெண் சட்டென்று குழிக்கு மேலே ஏறி நின்றுவிட்டார். "அதை இங்கன கொண்டாராதீங்க அண்ணாச்சி. எடுத்திட்டுப் போயிருங்க."

"காசு கேக்கலம்மா, சும்மாதான்..."

"சும்மான்னாலும் வேண்டாம்."

சண்டை வந்துவிடுமோ என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அதற்குள் டெரெசியா நடுவில் போய், பம்பின் மேல் இரண்டு கையையும் வைத்துத் தடுத்தார். "இவருடைய தண்ணீரில் வேண்டாம். என் கிணற்றைக் காப்பாற்ற இவர் கிணற்றைக் கெடுக்க நான் வரவில்லை" என்றார். அதை நான் தமிழில் சொன்னேன்.

யார் இந்தப் பெண், என்ன சொல்கிறார் என்று ரோஸ்மேரிக்கு விளங்கியதும் அவர் முகம் இளகியது. எங்களை அந்தப் பக்கம் கூட்டிப் போனார். இருபதடி தள்ளி உறை இறக்கிய கிணறு ஒன்று, முள்ளை வெட்டிப் போட்டு மூடிக் கிடந்தது. "எங்க கொழுந்தனாரு மோட்டார் வச்சாரு. மொத வாரம் நல்லா வந்துது. ஊரே வந்து புடிச்சுது. பொறவு இப்படி ஆயிப்போச்சு. மாடுகூட வாய் வைக்காது." முள்ளை விலக்கி, வாளி விட்டுக் கொஞ்சம் மொண்டு அண்ணாச்சியின் கையில் ஊற்றினார்.

அண்ணாச்சி வாயில் விட்டார். விட்ட வேகத்தில் துப்பினார். ரோஸ்மேரி சிரட்டைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, அவர் அந்த இரண்டு குழிக்கும் நடுவில் இருந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துப் பட்டறையைக் கூப்பிட்டார்.

"ஏலே கணேசா, வண்டில ஏத்தாத. அம்புட்டு மோட்டாரையும் கழத்துலே. ஏன்னு கேக்காத, கழத்து."

மூன்று மணி, முக்காணிப் பாலம். காருக்குள் யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. நான் கட்டி வந்த எலுமிச்சைச் சோறு மடியிலேயே இருந்தது. சின்ன மோட்டார் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், வந்து மாட்டி முடிக்க ஒரு வாரமாவது ஆகும். நாளைய கப்பலைப் பிடிக்க முடியாது. அடுத்த கப்பல் வர ஒரு மாதம்.

"இப்போதைக்கு இதையே அனுப்பி, தினம் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டச் சொன்னால்?" என்று நான்தான் கேட்டேன். பதற்றத்தில் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"தாகம் எடுத்தவர்கள் நிறுத்த மாட்டார்கள்" என்றார் டெரெசியா. "என் மகள் கேட்டால் நானே நிறுத்த மாட்டேன். அதனால் அந்தப் பம்பு என் ஊருக்கு வரவே கூடாது."

வெறுங்கையோடு அந்த மண்டபத்தில் போய் நிற்கப்போகிறார். கிணற்றில் அளந்து அள்ளிக்கொண்டால் ஒரு மாதம் தள்ள முடியுமா என்று கேட்டேன். அதற்குள் ஒரு மழை பெய்தால் தள்ளிவிடலாம் என்றார். பெய்யாவிட்டால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகள் முதலில் கிளம்பும், தலைநகரத் தீவுக்கு. போனவர்கள் திரும்பி வந்ததாக அவருக்குத் தெரியவில்லை.

நான்கே கால், வாகைகுளம். விமான நிலைய வாசலில் அண்ணாச்சி கை கூப்பினார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். அவங்ககிட்ட அப்படியே சொல்லுங்க டீச்சர்." சொன்னேன். டெரெசியா அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சிக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும்தான். உள்ளே போகும் முன் டெரெசியாவின் செல்போன் கூவியது. அன்றைய தொட்டிப் படம். நான் கோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன், அது போதுமாக இருந்தது.

ஐந்தேகால், வல்லநாடு. பாளையங்கோட்டைக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். மலைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. முன்னால் போன லாரி தெரியவில்லை. ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே வெள்ளம் நுரைத்துக்கொண்டு கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த மழையை வேண்டித்தான் எங்கள் சபையில் போன ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணினோம். இன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்தினார். வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது.

"அங்கன பெய்யக் கூடாதா டீச்சர்" என்றார்.