சலவை மேசையில் ஓர் இதயம்

என் அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். ஒரு மூலை கோணினாலும் குடி முழுகிப்போனது போல் பார்ப்பாள். அவளுக்கு ஒரே ஆசைதான்: மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக வேண்டும். அதற்கான மாலை வகுப்பில் சேர்ந்து, தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

தோற்றது சோம்பலால் இல்லை. புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால்தான் திருதிருவென்று விழிப்பாள். இதை ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு போட மறந்துவிட்டாள்.

மூன்றாம் முறை அவளோடு சமையலறைப் பெண்கள் இருவரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் படித்தார்கள். எல்லோரும் அதே மருத்துவமனை. மதிய இடைவேளையும் ஒன்றுதான். "தனித்தனியா முட்டிக்கிட்டு என்னத்தக் கண்டோம்? சேர்ந்து உக்காருவோம்" என்றாள் சமையலறைப் பெண்களில் மூத்தவள். துணி மடிக்கும் மேசையில் கூடினார்கள். ஆளுக்கொரு பாடம் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் பாடம் அக்காவுடையது: இதயம். நான்கு தலையணை உறைகளை நான்கு அறைகளாகப் பரப்பி, நாடாக்களை ரத்தக் குழாய்களாக இழுத்துவிட்டு, கிளிப்பிள்ளை போல ஒப்பித்தாள். "இடது பக்கக் கீழறையின் சுவர் தடிமனானது."

"ஏன்?" என்றார் ஓட்டுநர்.

"புக்குல அப்படித்தாங்க போட்டிருக்கு."

"சரிங்க. ஏன்?"

அன்று எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பட்ட பாடு! "அந்த ஆளு படிக்க வரல, என் உயிரை வாங்க வர்றாரு" என்று பொரிந்தாள். ஆனாலும் பதில் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வலது பக்கம் பக்கத்துல இருக்குற நுரையீரலுக்குத் தள்ளினாப் போதும்டா. இடது பக்கம் உடம்பு முழுக்கத் தள்ளணும். அதான் சுவர் தடிமன்!" முதுகு வலித்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

தேர்வு வரையிலான மூன்று மாதமும் ஓட்டுநர் விடவில்லை. அவர் பெயரே 'ஏன்' என்றாகிவிட்டது. அவருடைய முறை வரும் நாளிலும் ஒரு கேள்வியைத்தான் போடுவார். பெண்கள் மூவரும் பதில் சொல்லப் போட்டி போட்டுக்கொண்டு, அவர் பாடம் சொல்லவே இல்லை என்பதை மறந்துவிடுவார்கள்.

தேர்வில் அந்த இடது பக்கச் சுவரே வந்தது. காரணம் கேட்டிருந்தார்கள். அக்கா ஒரு பக்கம் எழுதித் தள்ளினாள்.

பெண்கள் மூவரும் தேறினார்கள். ஓட்டுநர் தேறவில்லை.

அக்காவுக்கு மாடியில் வேலை கிடைத்தது. கொண்டாட வேண்டியவள் வீட்டில் உம்மென்று இருந்தாள். மறுநாள் மதியம், மேசையில் விட்டுப்போன புத்தகத்தை எடுக்க ஓட்டுநர் வந்தபோது, மூவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தலையணை உறைகளைப் பரப்பியிருந்தார்கள்.

"நீங்கதான் பாஸாயிட்டீங்களே, இங்க என்ன பண்றீங்க?"

"உங்க கேள்வியில நாங்க தேறிட்டோம். உங்களை ஒருநாள்கூட வாயத் திறந்து பாடம் சொல்ல விடல, தப்பு எங்க மேலதான்" என்றாள் அக்கா. "இன்னிக்கு நீங்க சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதயத்துல நாலு அறை இருக்கு..."

"ஏன்?" என்றார்கள் மூவரும்.