உள்பக்கத் தாழ்ப்பாள்

தச்சர் செய்த கதவைச் சாத்தினால் சத்தம் வராது. தூங்குகிற குழந்தை மூச்சு விட்டதுபோல மெல்லக் காற்று வரும், அவ்வளவுதான். நாலு தெரு சுற்றினாலும் அப்படி ஒரு கை கிடையாது. மெத்தப் படித்தவன் வந்து அளவுகோல் வைத்துப் பார்க்கட்டும், நூலளவு பிசகு காட்ட முடியாது.

அந்தக் கை ஜெயிலில் விளைந்தது. குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் தோளை இரும்புக் கம்பியால் உடைத்ததற்கு ஏழு வருஷம். உள்ளே போனபோது ஆணி அடிக்கத் தெரியாது. வெளியே வந்தபோது, அவர் இழைத்த பலகையைத் தடவிப் பார்த்த பட்டறைக்காரர், "நாளையிலேர்ந்து வா" என்று மட்டும் சொன்னார்.

"ஜெயில் உன்னைத் திருத்திடுச்சுய்யா," என்பார் பட்டறைக்காரர்.

"கையைத் திருத்திடுச்சு," என்பார் தச்சர்.

ஏழு வருஷமும் அவர் குடிக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. மனசு மாறியதாலா, வழி இல்லாததாலா? இழைப்புளியிலிருந்து மரம் சுருள் சுருளாக உதிரும்போது அந்தக் கேள்வியும் கூடவே சுருண்டு காலடியில் விழும். கூட்டி அள்ளிக் கொட்டுவார். மறுநாள் மறுபடி விழும்.

மகளுக்குப் பதினைந்து வயது. தாயில்லாத பிள்ளை. தச்சரின் அக்கா வீட்டில் வளர்ந்தவள். அந்தக் கம்பி இறங்கியதை எட்டு வயதில் வாசலில் நின்று பார்த்தவள். அப்பாவோடு வந்து இருக்க ஒரு நிபந்தனை போட்டாள்.

"எனக்குத் தனி ரூம் வேணும். கதவு வேணும், உள்ள தாழ்ப்பாள் வேணும். வந்து பாக்கிறேன். தூக்கம் வந்தா இருப்பேன், வரலைன்னா அத்தை வீடுதான்."

தாழ்ப்பாள் எதற்கு என்று தச்சர் கேட்கவில்லை.

மூன்று வாரம் அந்தக் கதவோடு வாழ்ந்தார். கண்ணை மூடினாலும் மர ரேகைகள் ஆறுபோல ஓடின. பட்டறையில் பலகை வேலை மட்டும்தான் அவருடையது. கீலும் தாழ்ப்பாளும் மாட்ட வேறு ஆள் உண்டு. தாழ்ப்பாளை அவரே மாட்டியது இந்தக் கதவுக்குத்தான். ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்க, அவர் பாதிக் கனவில் நின்றார். கை அது பாட்டுக்கு முடுக்கி முடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் மகளும் வந்தார்கள். மகள் கதவைத் தடவினாள். உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"தாழ்ப்பாள் வெளியில இருக்குப்பா."

தச்சர் பார்த்தார். ஏழு வருஷமாக அவர் பார்த்த கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள் வெளியில்தான். கைக்கு வேறு இடம் தெரியவில்லை.

"என்னை உள்ள வச்சுப் பூட்டலாம்னு பாத்தியா?" என்றாள் மகள்.

"அத்தனை வருஷம் உக்கார வச்சு சோறு போட்டும் புத்தி வரலையேடா தம்பி," என்றாள் அக்கா. "பையை எடுடி, கிளம்பலாம்." தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

தச்சருக்குக் கழுத்து சூடேறியது. பழைய சூடு, அப்படியே இருந்தது. கையில், கீலைத் தட்டிப் பார்க்க எடுத்த சுத்தியல். இங்கே மதில் இல்லை, பிடித்து நிறுத்த வார்டன் இல்லை. மகளின் கண் சுத்தியலிலேயே நின்றது. எட்டு வயதுக் கண்.

சுத்தியலைத் தரையில் வைத்தார். குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாக. ஸ்க்ரூ முடுக்கியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"நீயே கழட்டும்மா. எங்க வேணுமோ அங்க நீயே போட்டுக்க."

அவள் தரையில் கிடந்த சுத்தியலைப் பார்த்தாள், நீட்டிய பிடியைப் பார்த்தாள். பிறகு வாங்கினாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். தாழ்ப்பாள் கோணலாக ஏறியது. நூல் பிசகு பொறுக்காத மனுஷனுக்கு விரல் துறுதுறுத்தது. கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மகள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் உரசிக்கொண்டு விழுந்தது. தச்சர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். வெயில் மெல்ல நகர்ந்து அவர் பாதத்தில் ஏறியது. கதவின் வெளிப்பக்கம் நாலு ஸ்க்ரூ ஓட்டை தெரிந்தது.

"அதை அடைச்சிடேன்டா," என்றாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா. என் கண்ணுல படட்டும்."

அக்கா கதவில் காதை வைத்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"மெதுவாப் பேசு," என்றாள். "தூங்கறா."